வேகாத பாதம்

சரவணகுமார் இதுவரைக்கும் நூற்றெண்பத்தொரு படத்தில் செத்திருக்கிறான். இது அவனே சொல்லும் கணக்கு. எவனாவது ஒரு யூடியூப்காரன் மைக்கை நீட்டிவிட்டால் போதும், "நூத்தி எண்பத்தியொரு வாட்டி செத்துப் பொழைச்சவன் சார் நானு" என்று காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்துவிடுவான். அரிவாள் வெட்டில் செத்திருக்கிறான், குண்டடி பட்டுச் செத்திருக்கிறான், கதாநாயகன் விட்ட ஒரே உதையில் காய்கறி வண்டிமேல் பறந்துபோய் விழுந்து செத்திருக்கிறான். மானஸ்தனாக இருந்தால் நிஜமாகவே நாண்டுகொண்டு சாக வேண்டிய காரியங்களும் அவன் வாழ்க்கையில் உண்டு. அதற்கெல்லாம் அவன் சாகவில்லை. நன்றாகத் தின்று, தொப்பை வைத்து, தாடிக்கு மை அடித்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தான்.

இப்படி நினைப்பது எதிராளி யாரும் இல்லை. அவனோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா ஆராயி. மரக்காணத்து உப்பளத்தில் முப்பத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறவள். தம்பியின் பேட்டிகளை அவள் தேடிப் பார்ப்பதில்லை. பாண்டிச்சேரியில் செல்போன் கடையில் வேலை செய்யும் மகள் இலக்கியா சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் போனை நீட்டுவாள். "யம்மா, மாமா இன்னிக்கு இன்னா உருட்டியிருக்குது பாரு!" ஆராயி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். பார்த்து முடித்ததும் ஒருமுறை வாசலில் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

அவன் சாவதற்குக் கற்றுக்கொண்டது இதே ஊரில்தான். சின்ன வயசில் உப்பளத்தை ஒட்டிய உப்பங்கழியில் இறால் பிடிக்க முங்குவார்கள். மற்ற பிள்ளைகள் முப்பது எண்ணுவதற்குள் மூச்சு முட்டி எழுந்துவிடும். சரவணன் எழ மாட்டான். கரையில் நின்று ஆராயி எண்ணுவாள், எழுபது, எண்பது, தொண்ணூறு. பயந்துபோய் அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் தலையைத் தூக்குவான். அடுத்தவர் அழுவதைப் பார்ப்பதில் அப்போதே அவனுக்கு ஒரு ருசி.

பத்தொன்பது வயசில் உப்பு லாரி ஏறிச் சென்னைக்குப் போனான். வடபழனியில் ஒரு மெஸ்ஸில் இலை எடுத்தான். அங்கே சாப்பிட வந்த ஒரு ஏஜென்ட் கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று கூட்டிப் போனான். அன்றைக்குப் பிணமாகப் படுத்தவன் கொசு கடிக்கிறது என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தானாம். இவன் போய்ப் படுத்தான். வயிறு ஏறவில்லை, இறங்கவில்லை, இமை ஆடவில்லை. டைரக்டர் எழுந்து வந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாராம். அதிலிருந்து பத்து வருஷம் அவனுக்கு அதே பிழைப்பு. கோடம்பாக்கத்தில் பிணம் வேண்டுமென்றால் சரவணனைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. பிறகு அடியாளானான், ஒரு வரி வசனம் கிடைத்தது. கான்ஸ்டபிளானான், குடிகார அப்பனானான். கடைசியில் கை கால் விழுந்த தகப்பனாக ஒரு படம் முழுக்கக் கட்டிலில் கிடந்து கண்ணை மட்டும் உருட்டினான். அதற்கு ஒரு டிவிக்காரன் விருது கொடுத்தான். அன்றிலிருந்து அவன் குணச்சித்திர நடிகர். சும்மா படுத்துக் கிடந்ததற்கு விருது வாங்கிய ஆளை ஆராயி அதற்கு முன்னால் கேள்விப்பட்டதில்லை.

அந்த விருது மேடையில்தான் முதல்முதலாக அந்தப் பொய்யைச் சொன்னான்.

"எங்கம்மா சின்னப்பாப்பா, உப்பளத்துக் கூலி. செருப்பு போடாம நாப்பது வருஷம் உப்புத் தண்ணியில நின்னவங்க. அவங்களுக்கு நான்தான் கொள்ளி வெச்சேன். ஒடம்பு மொத்தமும் எரிஞ்சு போச்சு சார். அந்த ரெண்டு பாதம் மட்டும் வேகல. உப்பு ஏறி எறுகிப்போன பாதம். அதை இந்தக் கையால எடுத்துத் தனியா உப்புல வெச்சுப் பொதைச்சேன்."

மைக்கைப் பிடித்திருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். கீழே உட்கார்ந்திருந்த கதாநாயகன்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இருபது லட்சம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று இலக்கியா சொன்னாள்.

"யம்மா, நெசமாவா? ஆயாவோட பாதம் வேகலியா?"

"உங்க ஆயாவையே வேக வெக்கல, இதுல பாதம் எங்கடி வேகும்!" என்றாள் ஆராயி.

பாதம் வேகாத கதையை அவன் எங்கிருந்தோ போனில் பொறுக்கியிருக்கிறான். வேறே ஏதோ ஊர் உப்பளத்தில் அப்படி ஒரு பேச்சு உண்டாம், இலக்கியா தேடிப் பார்த்துச் சொன்னாள். மரக்காணத்தில் உப்பு மிதித்தவர்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாமும் எரிந்துதான் போனது. எரியாமல் போனது சின்னப்பாப்பா ஒருத்தி. அதற்கும் பாதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பதினாறு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாசம். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியக்காலையில் சின்னப்பாப்பா டீ குடித்தாள், நெஞ்சு அடைக்கிறது என்றாள், சுவரில் சாய்ந்தாள், போய்விட்டாள். புருஷன் இல்லாதவள், ஒரே மகன். ஆராயி அவனுக்குப் போன் போட்டாள். எவனோ எடுத்து, ஷாட்டில் இருக்கிறார் என்று வைத்தான். நாலாவது தடவை அவனே பேசினான்.

"அக்கா, நான் இங்க பொணமா படுத்திருக்கேங்க்கா. ஹீரோ என் மேல விழுந்து அழுவுறாரு. பாதி எடுத்தாச்சு. எழுந்து வந்தா கன்டினியூட்டி போயிடும். நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துர்றேன், வெச்சிருங்க."

வைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் போய்ச் சாயங்காலம் ஆனது. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, அவன் போன் எடுக்கவில்லை. பங்காளிகள் இனிமேல் தாங்காது என்றார்கள். சுடுகாட்டில் அப்போது கூரை கிடையாது. விறகு ஊறிப்போயிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிப் பற்றவைத்தார்கள், வரட்டி புகைந்ததே தவிர ஒரு பொறி பிடிக்கவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு, சுடுகாட்டு ஓரத்தில் மேடாக இருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். எரிக்கிற குடும்பத்தில் பிறந்தவளைப் புதைக்க வேண்டியதாகிவிட்டது. கூட வேலை செய்த பொம்பளைகள் ஆளுக்கு ஒரு கூடை உப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள், குழியில் கொட்டினார்கள். மண் தள்ள மகன் இல்லை. சித்தப்பா மகன் ஒருவன் முன்னால் வந்தான். ஆராயி அவன் கையைத் தட்டிவிட்டாள். "பொம்பள சுடுகாட்டுக்கு வரலாமா?" என்று ஒரு கிழவன் கத்தினான். "ஆம்பள வந்தானா?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். மூன்று பிடி ஈர மண்ணை அவள்தான் தள்ளினாள்.

சரவணன் பொங்கலுக்கு வந்தான். படத்துக்கு மாலை போட்டான், அதைப் போட்டோ எடுக்கச் சொன்னான், கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். அம்மா எப்படிப் போனாள், யார் காரியம் செய்தது, எங்கே வைத்தீர்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராயி சாப்பாடு போட்டுக்கொண்டே காத்திருந்தாள். வெட்கத்தில் கேட்கவில்லை, அடுத்த முறை கேட்பான் என்று நினைத்தாள். பங்காளிகளிடமும் சொல்லிவைத்தாள். "அவனா கேக்குற வரைக்கும் யாரும் சொல்லாதீங்க. கேக்கட்டும்." அவன் கேட்கவே இல்லை. வருஷா வருஷம் கார்த்திகையில் அவள் போய் அந்த மேட்டில் பால் தெளித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தை மாசமும் பாத்தியில் வாரும் முதல் உப்பில் ஒரு பிடி கொண்டுபோய்ப் போட்டாள்.

இதற்கிடையில் சரவணகுமாருக்கு டைரக்டர் ஆசை வந்துவிட்டது. எத்தனை பேர் தன்னைப் படுக்கப் போட்டு "ஆக்‌ஷன்" என்று கத்தியிருக்கிறார்கள், தானும் ஒருமுறை கத்திப் பார்க்க வேண்டாமா? ஒரு ரவுடி திருந்துவது பற்றி முதல் படம் எடுத்தான். அது திண்டிவனத்தில் மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஆட்டத்துக்குப் போன ஊர்ப் பையன்கள், படத்தில் ரவுடி திருந்துவதற்கு முன்னால் தாங்கள் திருந்தி எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சரவணகுமார் அசரவில்லை. ஜனங்களுக்கு ரசனை போதாது என்று நாலு பேட்டி கொடுத்தான். பிறகு அந்த இருபது லட்சம் பேர் அழுத வீடியோவை ஒரு தயாரிப்பாளரிடம் போட்டுக் காட்டினான். அவர் அழுதார். அப்படிப் பிறந்தது இரண்டாவது படம். பெயர் 'வேகாத பாதம்'. எழுத்து, இயக்கம், மகனாக நடிப்பது எல்லாம் அவனே.

ஆனி மாசத்தில் ஒருநாள் ஈசிஆர் ரோட்டில் ஆறு வேன் வந்து நின்றது. சரவணகுமார் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு, பளபளவென்று வெள்ளை ஷூ சகிதமாக அக்கா வீட்டுக்குள் வந்தான். பின்னாலேயே உதவி இயக்குநர் கௌதமன், அவன் பின்னால் போனில் படம் பிடித்துக்கொண்டு ஒருவன்.

"அக்கா, நீயே உன் கேரக்டர்ல நடிக்கிற. ரியல் பீப்பிள் இருந்தாத்தான் அவார்டு."

"நானு இன்னா பண்ணணும்?"

"ஒண்ணியும் பண்ண வேணாம். நான் அம்மாவைத் தூக்கினு சுடுகாட்டுக்குள்ள போவேன். நீ வெளிய, எல்லைக் கல்லாண்ட விழுந்து பொரண்டு அழுவணும். பொம்பளைங்க உள்ள வரக்கூடாது இல்ல? அதான் நம்ம பழக்கம். நான் திரும்பி உன்னை ஒரு லுக் விடுவேன். அவ்ளோதான், தியேட்டரே அழும்."

ஆராயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனவள் வெளியே நிற்க வேண்டுமாம், வராதவன் உள்ளே போவானாம். இலக்கியா பின்னாலிருந்து அம்மா முதுகைக் கிள்ளினாள், முடியாது என்று சொல் என்பதற்காக. ஆராயி வேறு ஒன்றைக் கேட்டாள்.

"எங்க எடுக்கப் போற?"

"நம்ம சுடுகாட்டுலயேதாங்க்கா. செட்டு போட மாட்டேன்னுட்டேன். அம்மா எரிஞ்ச மண்ணுலயே எடுத்தாத்தான் சத்தியம்."

சத்தியம்! கூசாமல் சொன்னான். ஆனாலும் ஆராயி வருகிறேன் என்றாள். அவன் போனபிறகு இலக்கியா சண்டைக்கு வந்தாள். "உனக்கு வெக்கமா இல்லியாம்மா?"

"அந்த எடத்துல போய் நிப்பான் இல்லடி. அங்க நின்னாலாவது வாய் தொறந்து கேக்க மாட்டானா? அவன் கேட்டுட்டா போதும். மத்தது எல்லாத்தையும் நான் வுட்டுடுவேன்."

மறுநாள் காலையில் சுடுகாட்டில் திருவிழாக் கூட்டம். ஊர்க்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆராயியை எல்லைக் கல்லுக்கு வெளியே நிறுத்தி, தலையைக் கலைத்து, முகத்தில் கரி பூசினார்கள். முப்பத்தைந்து வருஷம் வெயிலில் வெந்த முகத்துக்குக் கரி பற்றாக்குறையாம்.

சிதையில் கிடத்த ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தார்கள். அதில் பாதம் மட்டும் தனியாகச் சென்னையில் செய்தது. வெடிப்பு, ஆணி, உப்பு படிந்த நகம் எல்லாம் வைத்து அசல் மாதிரியே இருந்தது. மூன்று மாச உழைப்பாம். எவ்வளவு தீயிலும் வேகாது என்று செய்தவன் சத்தியம் பண்ணினான். சரவணகுமார் அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், அதையும் ஒருவன் போனில் எடுத்தான். பிறகு வேட்டி கட்டி, குடம் உடைத்து, கொள்ளி வைத்தான்.

வரட்டி பற்றியது. புடவை பற்றியது. அதற்கெல்லாம் முன்னால், பாதம் பற்றியது. குப்பென்று ஒரு நீலச் சுவாலை எழுந்து, ரெண்டு பாதமும் உருகி வழிந்து, டயர் எரிகிற நாற்றம் ஊர் வரைக்கும் அடித்தது. மிச்ச உடம்பு எரியாமல் அப்படியே கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். சரவணகுமார் கொள்ளிக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு, பாதம் செய்தவனின் தாயையும் பாட்டியையும் இழுத்துத் திட்டினான். தாய்ப்பாசப் படம் எடுக்கிறவன் வாயில் அன்றைக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மாற்றுப் பாதம் ஒரு ஜோடி இருந்தது. அதைப் பூட்டி எல்லாம் சரிசெய்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. மதியத்துக்கு மேல் காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து அடிக்கும். உப்பளத்தில் நாலு நாள் வேலை செய்த குழந்தைக்குக்கூட அது தெரியும். உப்பிலே பிறந்தவன், உப்பிலே வளர்ந்தவன் என்று வாய் கிழியப் பேசுகிற டைரக்டருக்குத் தெரியவில்லை. கேமராவைப் பழைய இடத்திலேயே வைத்தான். புகை மொத்தமும் லென்ஸுக்குள் வந்தது. எல்லாரும் இருமிக்கொண்டே சிதறினார்கள்.

"கேமராவை அந்தப் பக்கம் மாத்து," என்றான் சரவணகுமார்.

கௌதமன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "சார், அங்க ஒரு மேடு இருக்கு. ட்ராக் போட முடியாது. ஃப்ரேம்லயும் இடிக்குது."

"மேடா?" சரவணகுமார் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு போனான். ஓரத்தில், உமிரிச்செடி படர்ந்து, இடுப்புயரத்துக்கு ஒரு மேடு. தலைமாட்டில் ஒரு கருங்கல். அதன் மேல் வெள்ளையாக உப்பு காய்ந்திருந்தது. அவன் மேட்டின்மேல் ஏறி நின்றான். ரெண்டு கையையும் கட்டம் போல் மடக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தான்.

"சூப்பர் ஆங்கிள்! இதைச் சமம் பண்ணிட்டா போதும். ஜேசிபி கூப்புடு."

வழி போடுவதற்காக அமர்த்தியிருந்த ஜேசிபி அங்கேயே நின்றது. ஓட்டுநர் ராஜவேல் உள்ளூர்க்காரன். வண்டியை மேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவன், கல்லைப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான்.

"அண்ணே, இதுவா?"

"இதான். ரெண்டு வாளி அள்ளு, தரையாயிடும்."

"அண்ணே, இது வந்து…" ராஜவேல் எல்லைக் கல் பக்கம் ஆராயியைப் பார்த்தான்.

"வந்துன்னா இன்னாடா? வெயில் போவுது. சொன்னதைச் செய்!"

ஆராயி எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தாள். முகத்தில் கரி, தலைவிரி கோலம். வந்து ஜேசிபி வாளிக்கு முன்னால் நின்றாள். மேட்டின் மேலிருந்து சரவணகுமார் கையை ஆட்டினான்.

"அக்கா, உன் சீன் இன்னும் வரல. கல்லுக்கு அந்தாண்ட போ. நீ உள்ள வந்தா கன்டினியூட்டி போயிடும்."

பதினாறு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் அதே வார்த்தை.

"டேய் சரவணா, அம்மாவுக்கு நீ கொள்ளி வெச்சது எங்கடா?"

யூனிட் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. படப்பிடிப்பை வீடியோ எடுக்க வந்தவன் போனைத் தூக்கினான். போனைப் பார்த்ததும் சரவணகுமாரின் குரல் தானாகக் கனத்தது. தகரக் கூரை போட்ட சிமெண்டு மேடையைக் காட்டினான்.

"அதோ, அந்த மேடையிலதாங்க்கா. மறக்க முடியுமா?"

"அந்த மேடை கட்டி ஆறு வருஷம்தான் ஆவுது."

யாரோ இருமினார்கள். அவன் சுதாரித்துக்கொண்டான். "மேடை இல்லக்கா… அது பக்கத்துல. வெறுந்தரையில. அன்னிக்குப் பேய் மழை இல்ல?"

"பேய் மழையில வெறுந்தரையில எப்பிடிடா எரிஞ்சிது?"

வேலிக்கு அப்பால் நின்ற பங்காளி அர்ச்சுனன் வாய்விட்டுச் சிரித்தான். அவன்தான் அன்றைக்கு நனைந்த விறகோடு அரை மணி நேரம் மாரடித்தவன். சிரிப்பு வேலி நெடுகப் பரவியது.

"எரியலடா," என்றாள் ஆராயி. "எரியவே இல்ல. விறகு பத்தல, பொதைச்சோம். நான் மண்ணு தள்ளுனேன். எங்க வெச்சீங்கன்னு பதினாறு வருஷத்துல ஒரு நாளு நீ கேட்டியா? கேக்காம, பாதம் வேகல, கை வேகலன்னு ஊரு பூரா ஒப்பாரி வெக்கிற. ஷூவோட எது மேல நிக்கிற பாரு. அதான் அம்மா. எறங்குடா கீழ!"

அவன் குனிந்து காலைப் பார்த்தான். மெதுவாக, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து இறங்கினான். அவன் முகம் சுருங்கிப்போனது, கழியிலிருந்து தலையைத் தூக்கி அக்கா அழுகிறாளா என்று பார்க்கிற அந்தப் பையனின் முகமாக ஆனது. கண்ணில் நீர் திரண்டது. ஆராயிக்கு அத்தனை ஆத்திரத்திலும் நெஞ்சு இளகிவிட்டது. இதோ கேட்கப் போகிறான், அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தாள். சொல்வதற்கு வாயெடுத்துத் தயாராக நின்றாள்.

அவன் தலையை லேசாகத் திருப்பினான்.

"கௌதம், ரோல் ஆச்சா?"

"சார்?"

"கேமராடா. அக்கா பேசுனது ரெக்கார்டு ஆச்சா?"

"இல்ல சார்… நாங்க நெசம்னு…"

"தண்டம்! எல்லாம் தண்டம்!" கண்ணில் திரண்ட நீர் கன்னத்தில் இறங்காமல் அண்ணாந்து பிடித்துக்கொண்டான், வீணாகிவிடக் கூடாது இல்லையா. பிறகு அக்கா கையைப் பிடித்தான். "அக்கா, இன்னொரு வாட்டி சொல்லுக்கா. 'அதான் அம்மா'ன்னு சொன்ன பாரு, அதே ஃபீல். நான் மறுபடி மேல ஏறி நிக்கிறேன். படத்தோட கிளைமாக்ஸே இதாங்க்கா! எரிக்கிற சீனே வேணாம், தூக்கிடலாம்!"

ஆராயி கையை உருவிக்கொண்டாள். அவளுக்கு ஆத்திரம்கூட அடங்கிப்போய்விட்டது. குனிந்து, மேட்டின் அடியிலிருந்து ஒரு பிடி மண் அள்ளினாள்.

"ரோல்! ரோல்!" என்று சரவணகுமார் வாய் அசையாமல் பல்லுக்குள்ளேயே சொன்னான்.

அந்த மண்ணை அவன் வெள்ளை ஷூவின் மேல் போட்டாள். அவன் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டான், இமைகூட ஆடவில்லை, அதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே. ரெண்டாவது பிடி போட்டாள். மூன்றாவது பிடி போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"கட்! பின்னிட்டக்கா!" என்று பின்னால் குரல் கேட்டது. "கௌதம், லைஃப்ல இப்பிடி ஒரு ஷாட் பாத்திருக்கியாடா?" ராஜவேல் ஜேசிபியைக் கிளப்பி, பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டான். அர்ச்சுனனும் இன்னும் ஏழெட்டு பேரும் வேலியைத் தாண்டி வந்து மேட்டைச் சுற்றி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். சரவணகுமார் "அக்கா, இன்னொரு க்ளோஸப் இருக்குது, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆராயி திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் ஒரு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. குழாய்க்கு அடியில் கட்டிய புடவையோடு உட்கார்ந்து, முகத்துக் கரி போகத் தேய்த்து, தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அப்படியே ஈரத்தோடு உப்பளத்துக்கு நடந்தாள். சாயங்கால வேலை ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த லூர்துமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, ஷூட்டிங்குன்னு போன, தலை சொட்டச் சொட்ட வர்ற? யாரு தவறிட்டாங்க?"

"என் தம்பி."

லூர்துமேரி உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வாயில் கை வைத்தாள். "ஐயோ சேசுவே! எப்பக்கா?"

"அது ஆவுது பதினாறு வருஷம். இன்னிக்குத்தான் மண்ணு தள்ளிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு ஆராயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.